ஒருநாள் வாங்க என்றால் எந்த நாள்?

தெரிசனங்கோப்பு ஊர் வரன் ஏறக்குறையக் கூடி வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்குப் பெண்வீட்டார் பூதப்பாண்டிக்கு வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கிறார்கள் என்று பொன்னுலிங்கம் அண்ணன் போனில் சொன்னதோடு போன வாரம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து அன்னக்கிளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னல் திரைகளைத் துவைத்தாள். ஷோகேஸில் இருந்த பீங்கான் தட்டுகளை இறக்கிக் கழுவி, திரும்பவும் ஷோகேஸிலேயே வைத்தாள். முந்திரிக்கொத்துப் பலகாரம் ஒரு டின் நிறையச் செய்தாள்.

மகன் சுஜினிடம் மட்டும் சொல்லவில்லை. ஆரல்வாய்மொழி காற்றாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிற அவனுக்கு முப்பது முடியப்போகிறது. கல்யாணப் பேச்சை எடுத்தாலே "பாக்கலாம்மா" என்று சொல்லி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவான். முதலில் அவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகட்டும், பிறகு பையனிடம் பேசிக்கொள்ளலாம் என்று அண்ணனும் தங்கையுமாக முடிவு செய்திருந்தார்கள். ஞாயிறு காலையில் சுஜின் ஒன்றும் அறியாமல் இட்லி தின்றுவிட்டு டூட்டிக்குப் போனான்.

பத்து மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும். அடுக்களை ஜன்னல் வழியாக வெளியே பார்த்த அன்னக்கிளி கையிலிருந்த கரண்டியை நிறுத்தினாள். எதிர்த்த பூவரச மரத்தடியில் ஒரு பெண் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றிருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. யாருக்கும் போன் பேசவில்லை. இந்த வீட்டு வாசலையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டியளா, ஒரு பிள்ள நம்ம வீட்டையே பாத்துக்கிட்டு நிக்கா" என்றாள் கணவரிடம்.

குமாரதாஸ் பனியனோடு நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பூதப்பாண்டியில் உரக்கடை வைத்திருக்கிறவர். கடைக்கு வருகிறவர் போகிறவர் எல்லாரையும் வீட்டுக்குச் சாப்பிட அழைக்கிற சுபாவம். இன்றுவரை ஒருவரும் வந்ததில்லை, அவரும் யாரும் வருவார்கள் என்று எதிர்பார்த்ததில்லை. தலையைத் தூக்காமலே, யாராவது அட்ரஸ் தேடுவார்கள் என்றார்.

சரியாகப் பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது.

வாசலில் அந்தப் பெண். இருபத்தெட்டு வயது இருக்கலாம். தலைமுடியை இழுத்து வாரிப் பின்னியிருந்தாள். வெளுத்துப்போன நீலச் சுடிதார், கையில் ஒரு தேன் பாட்டில். அன்னக்கிளியின் முகத்தைப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் தொங்கிய காலண்டரைப் பார்த்துப் பேசினாள். தன் பெயர் நந்தனா என்றும், கீரிப்பாறையில் ரப்பர் பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்வதாகவும், அங்கிள் பத்து மணிக்கு வரச் சொன்னதாகவும் சொன்னாள்.

அங்கிள் பேப்பரைத் தாழ்த்தினார். போன ஞாயிற்றுக்கிழமை வடசேரிக் கல்யாண மண்டபத்தில் நடந்தது அவருக்கு இப்போதுதான் ஓர்மை வந்தது. சுஜின் இவளைத் தன் சிநேகிதி என்று அறிமுகப்படுத்தினான். இவர் வழக்கம்போல, ஒருநாள் வீட்டுக்கு வாம்மா என்றார். எந்த நாள் என்று கேட்டு அவள் பையிலிருந்து டைரியை எடுத்தாள். பந்திக்கு இடம் பிடிக்கிற அவசரத்தில், அடுத்த ஞாயிறு பத்து மணி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனார். சுஜின் பக்கத்தில் நின்று இருமியதுகூட இப்போது ஞாபகம் வந்தது.

"ஆமா, ஆமா, நான்தான் சொன்னேன்" என்று எழுந்துபோய்ச் சட்டை மாட்டினார்.

அன்னக்கிளி அவரைப் பார்த்த பார்வையில் பனியனே எரிந்திருக்கும். ஆனாலும் வந்தவளை வா என்று சொல்லாமல் இருக்க முடியுமா. உட்காரச் சொன்னாள். சாயா குடிக்கியா என்று கேட்டாள்.

"குடிப்பேன் ஆன்ட்டி. சீனி ஒரு ஸ்பூன். ஏலக்காய் வேண்டாம்."

வேண்டாம் வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னபிறகே டம்ளரைத் தொடுகிற விருந்தாளிகளையே பார்த்துப் பழகிய அன்னக்கிளிக்கு என்னவோபோல் இருந்தது. பிள்ளைக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயா குடித்து முடித்ததும் நந்தனா டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கே வந்துவிட்டாள். அன்னக்கிளி வாழைக்குலையிலிருந்து அறுத்த ஏத்தங்காயை வறுவலுக்குச் சீவிக்கொண்டிருந்தாள். காலை ஐந்து மணியிலிருந்து நின்றபடி வேலை. வலது கால்முட்டு விண்விண்ணென்று தெறித்தது. ஏதாவது செய்யணுமா என்று நந்தனா கேட்டாள். ஒண்ணும் வேண்டாம் மக்கா, நீ போய் இரு என்றாள் அன்னக்கிளி.

"சரி" என்று அந்தப் பெண் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்னக்கிளி திகைத்துப்போனாள். வேண்டாம் என்று சொன்னால் கத்தியைப் பிடுங்கி வாங்குவதுதானே வழக்கம். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. நந்தனா இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். முகம் வெளிறியது. அன்னக்கிளி பயந்துபோய் அடுப்பைத் தணித்து, என்ன மக்கா, என்ன செய்யுது என்று அருகில் ஓடினாள்.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு நந்தனா நிமிர்ந்தாள். சுடிதாரின் கைவிளிம்பை விரலால் உருட்டிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு ஆஸ்பெர்கர் உண்டு ஆன்ட்டி. இப்பம் டாக்டர்மாரு ஆட்டிசம்னே சொல்லுதாங்க. இருபத்திரண்டு வயசுல திருவனந்தபுரத்துல வச்சுத்தான் தெரிஞ்சுது. நோய் இல்ல, மருந்தும் இல்ல. மனசு வேல செய்யுத விதம் கொஞ்சம் வேற, அவ்வளவுதான். திடீர்னு சத்தம் கேட்டா அடிச்சமாதிரி வலிக்கும். மத்தவங்க சொல்லாம விடுறத என்னால பிடிக்க முடியாது. வாயால சொல்லிட்டா எல்லாம் புரியும்."

மேல் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். பலதடவை சொல்லிப் பழகிய பேச்சு என்று தெரிந்தது. ஆனால் கைவிளிம்பை உருட்டிய விரல்கள் நிற்கவில்லை.

அன்னக்கிளிக்கு ஆஸ்பெர்கர் என்பதைக் கேள்விப்பட்ட நினைவு இல்லை. ஆனால் கடைசியாகச் சொன்னது நெஞ்சில் எங்கேயோ போய்த் தொட்டது. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம். இந்த வீட்டில் அவள் தன் மனதில் உள்ளதை நேரே சொன்னதாக ஒரு நாளைக்கூட நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. பாத்திரத்தை ஓங்கி வைப்பாள். சாப்பிட்டாச்சு என்று பட்டினி கிடப்பாள். ஒண்ணுமில்ல என்பாள். யாராவது கண்டுபிடிப்பார்களா என்று காத்திருப்பாள். குமாரதாஸ் இதுவரை ஒன்றையும் கண்டுபிடித்ததில்லை.

"அப்பம் சொல்லுதேன் மக்கா" என்றாள். சொல்லும்போது அவளுக்கே கூச்சமாக இருந்தது. "எனக்கு முட்டு வலிக்கி. நிக்க முடியல்ல. இந்தக் காய நீ சீவித் தாறியா?"

"தாறேன்" என்று நந்தனா எழுந்து கத்தியை வாங்கிக்கொண்டாள். ஸ்டூலை அன்னக்கிளியின் பக்கம் தள்ளினாள்.

அவ்வளவுதான். அன்னக்கிளி உட்கார்ந்து காலை நீட்டினாள். இத்தனை லேசான காரியத்துக்கா இத்தனை வருடம் என்று சிரிப்பு வந்தது. அடுத்த விசில் வருவதற்கு முன்னால் "இப்பம் வரும்" என்று சொன்னாள். நந்தனா காதைப் பொத்திக்கொண்டு, முடிந்ததும் மறுபடி சீவத் தொடங்கினாள். மூன்றாவது விசிலுக்கெல்லாம் இரண்டுபேருக்கும் அது ஒரு விளையாட்டுபோல் ஆகிவிட்டது.

அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் அன்னக்கிளி கேட்டாள், சுஜினை எப்படிப் பழக்கம் என்று.

நந்தனா கத்தியை நிறுத்தினாள். "சுஜின் சொல்லல்லியா? நாங்க கல்யாணம் செய்யலாம்னு இருக்கோம். இந்த வாரம் வீட்டுல சொல்லுதேன்னு சொன்னான். வாரம் நேத்தோட முடிஞ்சுது. அதனாலதான் உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

அடுக்களை வாசலில் நின்ற குமாரதாஸ் சத்தமில்லாமல் கூடத்துக்குத் திரும்பிப் போனார். அன்னக்கிளி போனை எடுத்துச் சுஜினைக் கூப்பிட்டாள். காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் இருக்கும்போது அவன் போன் எடுக்கமாட்டான். எடுக்கவில்லை.

கோபம் வரவேண்டிய இடம். வந்தது, ஆனால் முழுக்க மகன்மீதுதான். எதிரே இருக்கிறவள்மீது கோபப்பட ஒரு நூல்கூட அகப்படவில்லை. அவனிடம் அப்படி என்ன கண்டாய் என்று அன்னக்கிளி கேட்டாள். அதட்டலாகத்தான் கேட்க நினைத்தாள், குரல் அப்படி வரவில்லை.

நந்தனா யோசித்து வரிசையாகச் சொன்னாள். இரண்டுபேரும் பஸ்ஸில் போகிற நாளில் கூட்டமும் சத்தமும் கூடினால் அவன் காரணம் கேட்காமல் ஜன்னல் சீட்டை விட்டுத்தருவான். தான் ரப்பர் பாலைப்பற்றி முக்கால் மணிநேரம் பேசினாலும் கேட்பான், தூக்கம் வந்தால் தூக்கம் வருகிறது என்று சொல்லிவிடுவான். அவன் பக்கத்தில் இருக்கும்போது சிரிக்க வேண்டிய இடம் எது என்று பார்த்துப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. ஒரு குறை உண்டு. ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்றால் இருபத்துமூன்று நிமிடம் ஆகும்.

"அது அவங்க அப்பா ரத்தம்" என்றாள் அன்னக்கிளி.

பிறகு மனதைக் கல்லாக்கிக்கொண்டு அடுத்ததையும் கேட்டாள். நாளைக்குப் பிள்ளைகள் பிறந்தால் அவர்களுக்கும் இது வருமா?

"வரலாம். வராமலும் இருக்கலாம். சுஜின்கிட்டயும் இதச் சொன்னேன். உன்ன உங்க அம்மா அப்பா வளத்தாங்கல்லா, நாமளும் வளக்கலாம்னு சொன்னான்."

அன்னக்கிளி அடுப்பை அணைத்தாள். தன் மகனா அப்படிச் சொன்னான் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். துவைத்த துணியை மடித்து வைக்கத் தெரியாதவன்.

பதினொன்றே காலுக்குப் பொன்னுலிங்கம் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், நாலு மணிக்கு வந்தால் பேச்சு அதில் போய் விழும், எமகண்டம் பிறக்கிற பன்னிரண்டுக்கு முன்னால் வந்துவிடுகிறோம், இதோ இறச்சகுளம் தாண்டியாச்சு என்றார். பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார். பத்து நிமிடத் தூரம்.

குமாரதாஸுக்குத் தன் வாய்மீது நம்பிக்கை உண்டு. நந்தனாவிடம் வந்து மெல்ல, உனக்கு நேரமாயிருக்குமே மக்கா, வெயில் ஏறிட்டா வண்டியில போறது கஷ்டம்லா என்று தொடங்கினார்.

"ஒரு மணி வரைக்கும் நேரம் இருக்கு அங்கிள். ஹெல்மெட் உண்டு" என்றாள் அவள்.

அவர் மனைவியைப் பார்த்தார். போகச் சொன்னால் போய்விடுவாள், மனதில் வைத்துக்கொள்ளவும் மாட்டாள் என்று அன்னக்கிளிக்கு அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. ஒரே ஒரு வார்த்தை. அதனாலேயே அந்த வார்த்தை வாயில் வரமாட்டேன் என்றது. இருந்தாலும் உள்ளதைச் சொல்லாமல் இருப்பது இந்தப் பெண்ணிடம் செய்கிற பெரிய அநியாயம் என்று பட்டது. அருகில் போய் உட்கார்ந்து சொன்னாள். சுஜினுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்திருக்கிறோம், அந்த வீட்டார் இப்போது வருகிறார்கள்.

நந்தனாவின் விரல்கள் கைவிளிம்பில் வேகமாக ஓடின. பிறகு, சுஜினுக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்டாள்.

"அவனுக்குத் தெரியாது மக்கா. சத்தியமாத் தெரியாது."

"அப்பம் அவன் பொய் சொல்லல்ல" என்று நீண்ட மூச்சு விட்டாள். முதல்தடவையாக அன்னக்கிளியின் முகத்தை ஒரு கணம் நேரே பார்த்தாள். "நான் இருக்கணுமா, போகணுமா ஆன்ட்டி? உங்க முகத்தப் பாத்து எனக்குக் கண்டுபிடிக்க முடியல்ல. ரெண்டுல எதுன்னாலும் சொல்லுங்க."

தெருவில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"இரு" என்றாள் அன்னக்கிளி.

பொன்னுலிங்கம் அண்ணன் முன்னாலும், பெண்ணின் தகப்பனாரும் தாய்மாமனும் பின்னாலுமாக வந்தார்கள். தகப்பனார் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் வந்ததும் முதலில் மின்விசிறியை, அடுத்து சுவிட்சுப் பெட்டியைப் பார்த்து, வயரிங் கொள்ளாம் என்று மெச்சினார். முந்திரிக்கொத்தும் மட்டிப்பழமும் வந்தன. குமாரதாஸ் இந்த வருட மழையிலிருந்து தொடங்கி யூரியா தட்டுப்பாடு வரை பேசினார். எங்கேயும் நிறுத்தாமல் பேசினார். நிறுத்தினால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

வந்தது. வறுவல் தட்டோடு நந்தனா வெளியே வந்தாள். தட்டை மேசையில் வைத்துவிட்டு அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். தாய்மாமன், இந்தப் பிள்ளை யார் என்று கேட்டார்.

"நமக்குச் சொந்தக்காரப் பிள்ளையாக்கும்" என்றார் குமாரதாஸ்.

"இல்ல அங்கிள். நான் சொந்தம் இல்ல" என்றாள் நந்தனா, தப்பைத் திருத்துகிற குரலில்.

பொன்னுலிங்கம் தங்கையைப் பார்த்தார். சின்னவயதிலிருந்து அந்தப் பார்வைக்கு அன்னக்கிளி தலையாட்டியே பழக்கம். தகப்பன் இறந்தபிறகு அவளைக் கட்டிக்கொடுத்தது அண்ணன். ஒவ்வொரு பொங்கலுக்கும் சீர் கொண்டுவருகிறவர் அண்ணன். அவருக்கு எதிரே வேண்டாம் என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. எழுந்து நின்றாள், முட்டு வலியையும் மறந்து.

"அண்ணே, என்னைய மன்னிச்சுக்கிடணும். இந்தப் பிள்ள சுஜின் கட்டிக்கிடணும்னு நினைக்கிற பிள்ள. இன்னைக்குக் காலைல வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சபிறகு உங்கள இங்க உக்காத்தி வச்சு மறைக்க மனசு வரல்ல. இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

பொன்னுலிங்கத்தின் முகம் கறுத்தது. என்னைய நாலுபேர் முன்ன வச்சு இப்படிச் செஞ்சிட்டியே அன்னம் என்றார். குரல் உயரவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சாயாவைத் தொடாமல் எழுந்து காருக்குப் போய்விட்டார்.

பெண்ணின் தகப்பனார் சாயாவைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு நந்தனாவிடம், நாங்கள் வருவது உனக்குத் தெரியுமா என்று கேட்டார். கார் வந்து நிற்பதற்குச் சற்று முன்னால்தான் தெரியும் என்றாள் அவள். உங்கள் மகளுக்கு வருத்தமாக இருக்குமா, இருந்தால் என் பேரில் மன்னிப்புச் சொல்லிவிடுங்கள் என்றாள். மனிதர் அதைக் கேட்டு மெல்லச் சிரித்தார். என் மகள் இன்னும் போட்டோகூடப் பார்க்கவில்லை அம்மா என்றார். நிச்சயம் முடிந்து நாலு ஊருக்குச் சொன்னபிறகு தெரிந்திருந்தால் எவ்வளவு கேவலம், இன்றைக்கே சொன்னது உபகாரம் என்று அன்னக்கிளியைக் கும்பிட்டார். போகும்போது, ஈசானமூலை சுவிட்சில் எர்த் சரியில்லை, ஆளைக் கூட்டிப் பாருங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கார் போனபிறகு அன்னக்கிளி அடுக்களைக்குள் போய்ச் சுவரோடு நின்று கொஞ்சம் அழுதாள். நந்தனா பின்னால் வந்து இரண்டடி தள்ளி நின்றாள். தொடவில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. என்ன வேண்டும் என்று கேட்டாள். கொஞ்சம் வெள்ளம் தா, பேசாம பக்கத்துல நில்லு என்றாள் அன்னக்கிளி. அவள் தண்ணீரைக் கொடுத்து, சொன்னபடியே பேசாமல் பக்கத்தில் நின்றாள். அழுகை நின்றபோது மனம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. அண்ணன் வீட்டுக்கு நாளையோ மறுநாளோ போய்க் காலில் விழுந்தாவது சரிசெய்துகொள்ளலாம் என்று தோன்றியது.

பன்னிரண்டரைக்குச் சுஜின் கூப்பிட்டான். பதினொரு மிஸ்டு கால் இருக்கே, என்னம்மா என்றான். உன் கல்யாணத்த உனக்குத் தெரியாமலே பேசி முடிச்சு, உனக்குத் தெரியாமலே வேண்டாம்னும் சொல்லியாச்சு, வீட்டுக்கு வாலே என்றாள் அன்னக்கிளி. டூட்டி முடிந்ததும் வருகிறேன் என்றான் அவன்.

சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டார்கள். குமாரதாஸ் ரப்பர் பாலில் ரப்பர் எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று வாய் சும்மா இராமல் கேட்டுவிட்டு, இருபது நிமிடம் பதில் கேட்டார். ஆச்சரியம் என்னவென்றால், கடைசியில் அவரும் இரண்டு கேள்வி கேட்டார்.

ஒரு மணிக்கு நந்தனா எழுந்தாள். வாசல்வரை வந்த அன்னக்கிளிக்கு மனம் நிறைந்திருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எத்தனைபேர் இப்படிப்பட்ட பிள்ளையை மருமகளாக ஏற்றுக்கொள்வார்கள், நாம் ஏற்றுக்கொண்டோமே என்று உள்ளுக்குள் ஒரு நிமிர்வு. அந்த நிமிர்வோடுதான் சொன்னாள், அடுத்த வாரம் நாங்கள் உங்கள் வீட்டுக்கு முறையாகப் பெண் கேட்டு வருகிறோம், அப்பா அம்மாவிடம் சொல்லிவை, சந்தோஷப்படுவார்கள் என்று.

நந்தனா ஹெல்மெட்டை மாட்டியபடி தலையை அசைத்தாள்.

"சந்தோசப்பட மாட்டாங்க ஆன்ட்டி. எங்க வீட்டுல சுஜின வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

அன்னக்கிளிக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம் வந்தது. "யார? எம் மவனையா? இத ஏன் பிள்ளே காலைலேருந்து சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்ல" என்றாள் நந்தனா. "நாளைக்குப் பத்தேகாலுக்கு அப்பா இங்க வருவாங்க. காரணத்த அவங்களே சொல்லுவாங்களாம். நான் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திட்டேன். அப்பாவுக்குச் சாயால ஏலக்காய் போடலாம்."

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியது. அன்னக்கிளி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் ரோஷம் வந்தது. அதன் பின்னாலேயே, அடக்க முடியாமல், சிரிப்பும் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேட்டியளா" என்று உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "எந்திரிங்க. நம்ம பையனுக்கு என்ன குறைன்னு ஒருத்தர் நாளைக்குச் சொல்ல வாறாரு. அதுக்கு முன்ன நாம கண்டுபிடிக்கணும்."